ரேக்கில் நம்பும்படி ஒரு லேபிள்கூட இல்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

புதுசாவந்தவன்:

வணக்கம். 3 மாடி அலுவலகம் ஒன்றில் ஐடி ஆளாகச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. மொத்த ஐடி பிரிவும் நான் ஒருவன்தான். யூசர் பிரச்சினை, மெயில், சர்வர் எல்லாம் பழகிய வேலை, கேபிள் பக்கம் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை. சேர்ந்த அன்றே ஒரு சாவியைக் கையில் கொடுத்து, அந்த ரூமும் இனி உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

திறந்து பார்த்தேன். முதல் மாடியில் சின்ன அறை, நடுவில் ஒரு 42 யூ ரேக் (கருவிகளை அடுக்கும் சட்டம், யூ என்பது அதில் ஒரு தட்டின் உயரம்), மூன்று மாடிக் கேபிளும் அங்கேதான் வந்து விழுகிறது. சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் 24 போர்ட் பேட்ச் பேனல் 5, நெட்வொர்க் சுவிட்ச் 3. பேனலுக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை, ஆனால் மாட்டியிருப்பதெல்லாம் 3 மீட்டர் பேட்ச் கார்டு (இரண்டையும் இணைக்கும் கேபிள்), மிச்சம் அத்தனையும் முன்னால் குருவிக்கூடு மாதிரி தொங்குகிறது, ரேக் கதவைச் சாத்தவே முடியவில்லை. லேபிள் சிலதில் இல்லவே இல்லை, சிலதில் ஆள் பெயர் எழுதியிருக்கிறது, அந்த ஆட்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்களாம். ஒன்றில் "பழைய மேனேஜர்" என்று மட்டும் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு எக்செல் ஃபைல் விட்டுப் போயிருக்கிறார். சும்மா 4 வரியை எடுத்துச் சரிபார்த்தேன், மூன்று தப்பு.

இப்போது தலைவலி என்னவென்றால், மூன்றாவது மாடியில் 6 சீட்டுக்கு 100 எம்பிபிஎஸ்தான் வருகிறது, பக்கத்துச் சீட்டுக்கெல்லாம் ஒரு ஜிகாபிட் வருகிறது. அப்புறம் ரிசப்ஷன் ஐபி போன் தினமும் சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் அணைந்துபோகிறது, காலையில் வந்து பார்த்தால் தானாக வேலை செய்கிறது. போனை மாற்றியும் பார்த்துவிட்டேன். அந்த அறையின் நிலைமை தனிக்கதை: துடைப்பம், காலி அட்டைப்பெட்டிகள், ரேக்குக்கு நேர் மேலே ஏசி.

கேபிள் போடுகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக கேட் 6ஏ என்ற உயர்தரக் கேபிள் இழுத்துவிடலாம் என்கிறார். நான் நினைத்தது, ஒரு சனிக்கிழமை வந்து பேட்ச் கார்டு மொத்தத்தையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஒழுங்காக மாட்டிவிடலாம் என்று. எது சரி? அப்புறம் டாக்குமென்டேஷனுக்கு எக்செல் போதுமா, இல்லை அதற்கென்று ஏதாவது மென்பொருள் வேண்டுமா?

நாலுஜோடி:

தம்பி, முதலில் எதையும் கழற்றாதீர்கள். அந்தக் குருவிக்கூடு அசிங்கமாக இருந்தாலும், எந்தப் பேனல் போர்ட் எந்தச் சுவிட்ச் போர்ட்டுக்குப் போகிறது என்ற தகவல் இப்போதைக்கு அது ஒன்றில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கழற்றினால் திங்கட்கிழமை அந்தத் தகவலும் போய்விடும். ஃபோனை எடுத்து ஒவ்வொரு பேனலையும் நேராக, கிட்டத்தில், போர்ட் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். கார்டை லேசாக ஒதுக்கிப் பிடிக்கலாம், இழுக்கக் கூடாது. ரேக்கின் பின்பக்கமும் சேர்த்து.

கேபிளிங் பழக்கமில்லை என்கிறீர்கள், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். சுவரில் இருக்கும் ஐஓ பெட்டியில் (கம்ப்யூட்டரைச் சொருகும் ஜாக் உள்ள பெட்டி) தொடங்கி ரேக்கில் இருக்கும் பேட்ச் பேனல் வரை போகிற கேபிள் கட்டடத்தைச் சேர்ந்தது, சுவர், ஜன்னல் மாதிரி. ஒருமுறை இழுத்துவிட்டால் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு யாரும் அதைத் தொடத் தேவையில்லை. ஆள் மாறினால், சீட் மாறினால், போன் வந்தால், எல்லாமே பேனலில் ஒரு சின்னக் கார்டை இடம் மாற்றுவதோடு முடிய வேண்டும். இதுதான் மொத்த விஷயமும். அதனால்தான் அளவும் இரண்டாகப் பிரிகிறது: நிரந்தரக் கேபிள் அதிகபட்சம் 90 மீட்டர், இரண்டு பக்கக் கார்டுகளுக்கும் சேர்த்து 10 மீட்டர், ஆக 100. உள்ளே இருக்கும் கம்பியும் வேறு. நிரந்தரக் கேபிளில் ஒற்றைக் கெட்டிக் கம்பி, அது பஞ்ச் பண்ணுவதற்கு, அதாவது ஜாக்கின் உலோகப் பல்லுக்குள் அழுத்தி இறக்குவதற்கு. கார்டில் மெல்லிய இழைகள் சேர்ந்தது, அது வளைந்து நெளிந்து போவதற்கு. கெட்டிக் கம்பியில் நேரடியாக ஆர்ஜே45 பிளக்கை கிரிம்ப் பண்ணி சுவிட்சில் சொருகியிருப்பதைப் பார்த்தால், அங்கே யாரோ அவசரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த முறை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 80-களில் ஒவ்வொரு கம்பெனி கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு வகைக் கேபிள், ஐபிஎம் 1984-இல் தனக்கென்று ஒரு கேபிளிங் முறையே கொண்டுவந்தது. மெஷினை மாற்றினால் கேபிளையும் மாற்ற வேண்டியதுதான். எந்த மெஷின் வந்தாலும் கட்டடத்தில் ஒரே கேபிள் என்று 1991-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறைச் சங்கமான டிஐஏ-வின் 568 தரம் வந்தது, 1995-இல் ஐஎஸ்ஓ 11801 வந்தது. பேனல், ஜாக், 8 கம்பி, கலர் வரிசை என்று இன்று நாம் சாதாரணமாகச் செய்வதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, உங்கள் 6 சீட். 100 எம்பிபிஎஸ் ஓட 1, 2, 3, 6 என்று நான்கு கம்பி போதும், அதாவது இரண்டு ஜோடி. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். அதனால் நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால் லிங்க் செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி நிற்கும். யூசருக்கும் "நெட் கொஞ்சம் ஸ்லோ" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. முதலில் இரண்டு பக்கக் கார்டையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் 100 என்றால் ஃபேஸ் பிளேட்டைக் கழற்றி ஜாக்கின் முதுகைப் பாருங்கள். கம்பி அந்த உலோகப் பல்லுக்குள் முழுசாக இறங்கியிருக்கிறதா, இல்லை விளிம்பில் தொத்திக்கொண்டு நிற்கிறதா என்று வெறும் கண்ணுக்கே தெரியும். திரும்ப பஞ்ச் பண்ணும்போது டூலின் வெட்டுகிற பக்கம் வெளியே பார்க்க இருக்க வேண்டும், உள்ளே திருப்பிவிட்டால் உங்கள் கம்பியையே நறுக்கிவிடும். நான் தொழில் கற்ற முதல் வாரத்தில் ஒரு பேனலில் அரைப் பேனலை அப்படி நறுக்கியவன், அதனால் சொல்கிறேன். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். அழகுக்காகப் பிரித்து நேராக்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த முறுக்குதான் ஒரு ஜோடியின் இரைச்சல் இன்னொன்றில் ஏறாமல் காப்பது.

6ஏ இழுப்பதைப் பற்றி: வேண்டாம். இப்போது இருப்பது கேட் 5இ-யோ கேட் 6-ஓ என்றால் ஜிகாபிட் 100 மீட்டருக்கு ஓடும். 2016-இல் வந்த 802.3பிஇசட் தரத்தில் 2.5 ஜிகாபிட்டே 5இ-யில் 100 மீட்டர் ஓடும், வைஃபை பெட்டிக்கு அது தாராளம். சீட்டுக்கு 10 ஜிகாபிட் வேண்டும் என்றால்தான் 6ஏ பேச்சு வரும், கேட் 6-இல் அது 55 மீட்டர் வரைதான். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கேபிளின் முனையைச் சீவிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அது எந்தத் தரத்திலும் சேராது. அப்படியிருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரவுஷிப்ட்:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், படம் எடுத்த பிறகு என்ன செய்வது என்று சேர்க்கிறேன்.

எந்தக் கார்டையும் தொடாமலே முக்கால்வாசி மேப் போட்டுவிடலாம். அலுவலகம் நிறைந்திருக்கும் ஒரு வேலைநாளில், காலை 11 மணி போல, சுவிட்சில் மேக் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் முகவரி) டேபிளை எடுங்கள், எந்த போர்ட்டில் எந்த மேக் என்று வரும். ரூட்டரில் ஏஆர்பி டேபிளை எடுங்கள், மேக்குக்கு ஐபி வரும். டிஎச்சிபி லீஸ் பட்டியலை (தானாக ஐபி வழங்கிய பதிவு) எடுங்கள், ஐபிக்கு மெஷின் பெயர் வரும். மூன்றையும் எக்செல்லில் ஒட்டவைத்தால் சுவிட்ச் போர்ட்டும் மெஷினும் ஒரே வரியில் நிற்கும். ஒரே போர்ட்டில் ஐந்தாறு மேக் தெரிந்தால் அங்கே யாரோ மேசைக்கு அடியில் சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஒருநாள் அதுதான் லூப் போட்டு மொத்த மாடியையும் படுக்கவைக்கும். அப்படியே சுவிட்ச் கான்ஃபிகையும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

மிச்சம் இருப்பதற்கு நடக்க வேண்டியதுதான். லேப்டாப்பைச் சுவர் ஜாக்கில் சொருகி எல்எல்டிபி (சுவிட்ச் தன்னைப் பற்றி அனுப்பும் தகவல்) பார்த்தால் சுவிட்ச் பெயரும் போர்ட் எண்ணும் திரையிலேயே வந்துவிடும். செத்த பாயின்ட்டுக்கு டோனர், அதாவது கேபிளில் ஒலி சிக்னல் அனுப்பும் கருவி, அதைக் கேட்கும் கருவி ப்ரோப். டோனரைச் சுவரில் மாட்டிவிட்டு, பேனல் பக்கம் வந்து ப்ரோபை வைத்தால் பக்கத்துக் கேபிள்களும் சேர்ந்து கத்தும், புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். சத்தம் எங்கே அதிகமோ அதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த ஜோடியின் இரண்டு கம்பியையும் ஒரு கணம் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுதான் கேபிள். சுவிட்சில் மாட்டியிருக்கும் கேபிளில் டோன் சரியாகக் கேட்காது, சுவிட்சே அதை விழுங்கிவிடும். கழற்றிவிட்டுத்தான் தேட வேண்டும்.

லேபிளில் ஆள் பெயர் எழுதவே கூடாது. துறைப் பெயரும் வேண்டாம், அதுவும் மாறும். கேபிளின் பெயர் கேபிள் இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். டிஐஏ 606 தரத்தில் உள்ள பழைய முறையே போதும்: மாடி, அறை, பேனல், போர்ட். 1ஏ-பி17 என்றால் முதல் மாடி, ஏ அறை, பி பேனல், 17-ஆவது போர்ட். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. அந்த "1" என்பது ரேக் இருக்கும் மாடி, சீட் இருக்கும் மாடி அல்ல. உங்கள் கட்டடத்தில் எல்லாமே முதல் மாடிக்கு வருவதால் மூன்றாவது மாடி ஜாக்கிலும் 1ஏ என்றுதான் ஒட்டுவீர்கள். யாராவது வந்து "தப்பாக ஒட்டியிருக்கிறாய்" என்று 3-ஆக மாற்றப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சீட் எங்கே இருக்கிறது என்பதை ஷீட்டில் தனி நெடுவரிசையில் போடுங்கள், மாடி வரைபடத்திலும் அதே எண்ணைக் குறியுங்கள். இரண்டு முனையிலும் ஒரே லேபிள். வெறும் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டினால் ரேக் சூட்டில் பசை காய்ந்து அடுத்த வருஷம் தரையில் கிடக்கும், எழுத்தின் மேல் தானே சுற்றி மூடிக்கொள்ளும் வகை பிளாஸ்டிக் லேபிள் வாங்குங்கள்.

லேபிளை நம்பி நான் பட்டது ஒன்று. பழைய இடம் ஒன்றில் "பழைய பிரிண்டர்" என்று ஒட்டியிருந்த கார்டை, பிரிண்டர்தான் எப்போதோ போய்விட்டதே என்று பகல் வேளையில் உருவினேன். அந்த போர்ட்டை யாரோ வாசல் கதவுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள், லேபிளை மட்டும் மாற்றவில்லை. அது நெட்வொர்க் இல்லாவிட்டால் ஊழியர்களின் அடையாள அட்டையை ஏற்காத வகை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்பியவர்கள் எல்லாம் வெளியே நிற்க, நான் உள்ளே ரேக்குக்கு முன்னால் "எதற்கு இவ்வளவு சத்தம்" என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து, விளக்கு எரிகிற போர்ட்டை மேக் பார்க்காமல் தொடுவதில்லை.

ஒத்தைச்சாவி:

எக்செல் பற்றி மட்டும் மாற்றுக் கருத்து. எக்செல் என்றால் மூன்று மாதத்தில் "பைனல்", "பைனல் 2", "புது பைனல்" என்று மூன்று ஃபைல் ஆகிவிடும், எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. நெட்பாக்ஸ் என்ற மென்பொருள் இலவசம், ஓப்பன் சோர்ஸ். ரேக்கில் எந்த யூவில் எது இருக்கிறது, எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்று அதில் இணைத்துவிட்டால், ஒரு போர்ட்டிலிருந்து மறுமுனை வரை அதுவே தேடிக் காட்டும். ஒரே போர்ட்டில் இரண்டு கேபிள் போட முயன்றால் விடாது. எக்செல் விடும்.

நாலுஜோடி:

ஒத்தைச்சாவி சொல்வது சரி, ஆனால் ஒற்றை ஆள், 120 போர்ட், இவருக்கு இப்போது நெட்பாக்ஸ் நிறுவிப் பராமரிப்பது இன்னொரு வேலை. எனக்குத் தெரிந்து நெட்பாக்ஸ் வைத்துவிட்டு அப்டேட் பண்ணாமல் கிடக்கிற இடமும் உண்டு, ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை ரேக்கிலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டு எட்டு வருஷம் ஒழுங்காக எழுதிய இடமும் உண்டு. அந்த நோட்டு இருந்த இடத்தில் நான் வேலை செய்வது சுகமாக இருந்தது. கார்டை மாற்றிய கையோடு எழுதாதவன் எதில் எழுதினாலும் ஒன்றுதான். டிக்கெட்டை மூடுவதற்கு முன் ஷீட்டில் வரியைத் திருத்த வேண்டும், திருத்தாமல் மூடக் கூடாது, அவ்வளவுதான் விதி.

இன்னொன்று, ஒரு பிரதியை அச்சிட்டு ரேக் கதவுக்குள் வையுங்கள். நெட்வொர்க் விழுந்த அன்றைக்கு ஷீட் இருக்கும் சர்வரையே திறக்க முடியாது. அதில் போர்ட் பட்டியல் மட்டும் போதாது, இன்டர்நெட் லைனின் சர்க்யூட் எண், புகார் சொல்லும் எண், யூபிஎஸ் பேட்டரி மாற்றிய தேதி இதெல்லாம் வேண்டும். பாஸ்வேர்டு மட்டும் கூடாது.

ஒத்தைச்சாவி:

நோட்டுப் புத்தகத்தோடு நான் போட்டி போட முடியாது, விட்டுவிடுகிறேன். 500 போர்ட் ஆகும்போது வாருங்கள் பேசுவோம்.

சரி, அந்த அறை. யாரும் தொடவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ரேக்குக்கு நேர் மேலே ஏசி இருக்கக் கூடாது, வடிகுழாய் ஒருநாள் அடைக்கும், அன்றைக்குத் தண்ணீர் நேராகச் சுவிட்சின் தலையில் சொட்டும். ஏசியை நகர்த்துங்கள், ரேக்கை அல்ல. ரேக்கை நகர்த்தினால் 120 கேபிளும் நீளம் பற்றாது. நகர்த்த அனுமதி வரும்வரை வடிகுழாயை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஏசியை இரவில் யார் அணைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கடைசியாகப் போகிறவர் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எல்லா ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார், சுவிட்ச் இரவு முழுக்க ஓடும். ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் சங்கம் சொல்லும் அளவு 18 முதல் 27 டிகிரி, அதுவும் சுவரில் அல்ல, கருவி காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில். அங்கே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுக் காலையில் வந்ததும் பாருங்கள், தெரிந்துவிடும்.

அட்டைப்பெட்டிகளை இன்றே வெளியே போடுங்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், அதிலிருந்து உதிரும் தூசு முழுக்க சுவிட்ச் விசிறிக்குள்தான் போகும். துடைப்பம் வைக்க வருகிறவரிடமும் சாவி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வாங்கிக்கொண்டு துடைப்பத்துக்கு வேறு இடம் காட்டுங்கள். ரேக்கை எர்த் பண்ணியிருக்கிறார்களா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும், கட்டடத்தின் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும், தனியாக ஒரு குழி தோண்டி விட்டுவிடுவது பாதுகாப்பு அல்ல. மேலே டிரேயில் கரன்ட் கேபிளும் நெட்வொர்க் கேபிளும் ஒன்றாகப் போகிறதா என்றும் பாருங்கள். குறுக்கே கடக்கலாம், நேர்க்கோணத்தில். ஜோடி சேர்ந்து போகக் கூடாது.

ரேக்கை மறுபடி அடுக்கும் நாள் வரும்போது ஒரு பேனல், ஒரு சுவிட்ச், ஒரு பேனல் என்று மாற்றி மாற்றி வையுங்கள். அரை மீட்டர் கார்டே போதும், குருவிக்கூடு தானாகக் காணாமல் போகும். யூபிஎஸ் அடியில். ஜிப் டை வேண்டாம், இறுக்கினால் கேபிளின் உருவமே நசுங்கும், வெல்க்ரோ போடுங்கள்.

இரவுஷிப்ட்:

சாயங்காலம் ஆறரை மணிக்கு அணையும் போன். இதை நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அதே சுவிட்சில் கேமரா இருக்கிறதா? வெளிப்பக்கம் பார்க்கும், இருட்டில் சிவப்பாக மின்னும் கேமரா?

புதுசாவந்தவன்:

இருக்கிறது அண்ணா. 48 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுப்பது), அதில் 14 கேமரா, வைஃபை பெட்டிகள், போன் எல்லாம் ஒன்றாக. ஏன்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு ஜாக்கைத் திறந்தேன், ஒன்றில் டி568ஏ என்ற கலர் வரிசையில் இருக்கிறது, பேனல் பக்கம் பி. ஆனாலும் நெட் வருகிறதே?

இரவுஷிப்ட்:

சுவிட்சில் 48 போர்ட் இருந்தாலும் மொத்தமாக அது கொடுக்கும் மின்சாரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, 370 வாட் என்பது அடிக்கடி பார்க்கிற அளவு. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தின் கணக்கில் போர்ட்டுக்கு 15.4 வாட் முழுசாக எடுத்தால் 24 போர்ட்டோடு தீர்ந்துவிடும். பகலில் கேமரா கொஞ்சமாகத்தான் எடுக்கும். இருட்டியதும் 14 கேமராவிலும் இன்ஃப்ராரெட் விளக்கு ஒன்றாக எரியும், மொத்தம் வரம்பைத் தாண்டும், சுவிட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டை வெட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரிமை என்றால் பல சுவிட்சுகள் பெரிய எண்ணுள்ள போர்ட்டை வெட்டும். உங்கள் ரிசப்ஷன் போன் 47-இலோ 48-இலோ இருக்கும் என்று நினைக்கிறேன். விடிந்ததும் விளக்கு அணையும், போன் உயிர் பெறும். சுவிட்ச் லாகை (நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் பதிவு) பாருங்கள்.

நாலுஜோடி:

ஏ, பி இரண்டும் தரத்தில் இருப்பதுதான். பச்சை ஜோடியும் ஆரஞ்சு ஜோடியும் இடம் மாறியிருக்கும், வேகத்தில் வித்தியாசம் இல்லை, கட்டடம் முழுக்க ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும் அவ்வளவுதான். ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி என்றால் அது கிராஸ் கேபிள், ஒரு காலத்தில் வேலையே செய்யாது. இப்போது சுவிட்ச் தானாகவே மாற்றிக்கொள்கிறது, அதனால் தப்பு மறைந்து கிடக்கிறது. ஜாக்கைத் திறந்திருக்கும்போதே பி-க்கு மாற்றிவிடுங்கள்.

அந்த 8 விளக்கு எரிகிற சின்ன டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். கம்பி ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போகிறதா என்றுதான் அது சொல்லும். ஒரு ஜோடியின் ஒரு கம்பியையும் வேறு ஜோடியின் ஒரு கம்பியையும் சேர்த்து ஜோடி கட்டி, இரண்டு முனையிலும் அதே தப்பைச் செய்திருந்தால் எட்டு விளக்கும் வரிசையாக அழகாக எரியும், லைன் மட்டும் தள்ளாடும். பிரிந்த ஜோடி என்பார்கள். அதைப் பிடிக்க இரைச்சலை அளக்கும் டெஸ்டர் வேண்டும், வாடகைக்கு எடுக்கலாம், நீளமும் அதிலேயே தெரியும்.

புதுசாவந்தவன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடந்துகொண்டே இருந்தேன்.

போன் விஷயம் அப்படியே. போர்ட் 48. லாகில் தினமும் 6:28, 6:31, 6:30 என்று வரிசையாக மின்சாரம் மறுக்கப்பட்டது என்று இருக்கிறது, இத்தனை நாள் அதைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. போனுக்கு முன்னுரிமை உயர்த்தி, 5 கேமராவை இன்னொரு பிஓஇ சுவிட்சுக்கு மாற்றினேன். ரிசப்ஷனில் என்னை மந்திரவாதி மாதிரி பார்க்கிறார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

6 சீட்டில் நான்கில் ஜாக் பக்கம் பிரவுன் ஜோடி மேலாகத் தொத்திக்கொண்டு நின்றது. நான்கும் ஒரே வரிசை, ஒரே கை வேலை போல. ஐந்தாவது கார்டு. ஆறாவதுதான் அரை நாள் எடுத்தது: ஃபால்ஸ் சீலிங்கைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் கேபிளை வெட்டி, எட்டுக் கம்பியையும் கையால் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் புதிதாக இழுத்தாயிற்று. வாடகை டெஸ்டரில் பிரிந்த ஜோடி எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது மாடிக் கோடியில் ஒரு பாயின்ட் 96 மீட்டர் காட்டுகிறது, ஓடுகிறது, ஷீட்டில் குறிப்பு போட்டு வைத்தேன். கேபிள் நல்ல செம்புதான். 6ஏ பேச்சு முடிந்தது. ஒரு முனை சுவிட்சில், மறுமுனை காற்றில் என்று 9 கார்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஏசி நகர்த்த அனுமதி இன்னும் வரவில்லை. ஆனால் இரவில் அணைப்பது உண்மைதான், ஒருநாள் காலை 34 டிகிரி. இப்போது ஏசி சுவிட்ச் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன், அணைக்காதீர்கள் என்று.

120-இல் 119 போர்ட்டுக்கு லேபிள் ஒட்டியாகிவிட்டது. ஒன்று மட்டும் மிச்சம்: பி பேனல் 17. விளக்கு எரிகிறது, டிராஃபிக் போகிறது, ஐபி நிலையாக வைத்திருக்கிறார்கள், டிஎச்சிபியில் பெயர் இல்லை, எந்தச் சீட்டிலும் அந்த ஜாக் இல்லை. கழற்றிப் பார்த்து யார் கத்துகிறார்கள் என்று பார்க்கலாமா?

இரவுஷிப்ட்:

கழற்றாதீர்கள்! கதவு வாசலில் நின்ற முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மேக் முகவரியின் முதல் 6 எழுத்தைத் தேடுங்கள், தயாரித்த கம்பெனி பெயர் வரும். அப்புறம் அந்த ஐபியை பிரவுசரில் அடித்துப் பாருங்கள்.

புதுசாவந்தவன்:

கேமரா கம்பெனி. பிரவுசரில் அடித்தால் லாகின் பக்கம் வந்தது, ரெக்கார்டரில் அதே ஐபியைத் தேடினால் கேமரா 15, படத்தில் ஒரு ஸ்டீல் சுவர், ஓரத்தில் மாடி எண் பொத்தான்கள். லிஃப்டுக்குள் இருக்கிறது, அதனால்தான் எந்தச் சீட்டிலும் ஜாக் கிடைக்கவில்லை. 1ஏ-பி17, லிஃப்ட் கேமரா என்று எழுதியாயிற்று. கதவுக்குள் இருக்கும் அச்சுப் பிரதியிலும்.